நடந்துதானே வந்தாங்க?

எமர்ஜென்சி பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்குப் பழகிப்போன வாக்கியம் இது. விழுந்துவிட்டார், கழுத்து வலிக்கிறது என்று யாரையாவது அழைத்து வருவார்கள். கழுத்துக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று சொன்னதும், "நடந்துதானே வந்தாங்க, டாக்டர்?" என்பார்கள். கை கால் நன்றாக அசைகிறது, பேசுகிறார், சாப்பிட்டார், அப்படியிருக்கக் கழுத்தெலும்பு எப்படி உடைந்திருக்கும் என்பதுதான் கேள்வி. வீட்டார் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சில சமயம் எங்கள் ஆட்களே இதை நம்பிவிடுகிறார்கள். சீட்டில் 'நடந்து வந்தார்' என்று எழுதியதும் அவருடைய அவசரம் ஒரு படி இறங்கிவிடுகிறது. வேலைக்கு நடுவே நின்றபடி ஒரு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற பதில் எனக்கு ஒருபோதும் நிறைவாக இருந்ததில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒரே இரவில் இரண்டு பேர் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் பைக் விபத்தில் அடிபட்ட இருபது வயதுப் பையன். ஆம்புலன்ஸிலேயே கழுத்தில் காலர் மாட்டியிருப்பார்கள், தலைக்கு இரண்டு பக்கமும் அண்டை கொடுத்திருப்பார்கள். இறக்கும்போது தலைமாட்டில் ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு 'ஒன்று, இரண்டு, மூன்று' சொல்ல, மற்றவர்கள் உடம்பை ஒரே கட்டையாகப் புரட்டுவார்கள். மற்றவர், ராத்திரி கட்டிலைவிட்டு இறங்கும்போது முன்பக்கமாக விழுந்த பாட்டி. நெற்றியில் கன்றிப்போன ஒரு காயம், அதன்மேல் பிளாஸ்திரி. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருப்பார். பையனுக்குச் செய்வதில் எதையும் குறைக்கக் கூடாது, அத்தனையும் அவனுக்குத் தேவை. என் ஆதங்கமெல்லாம் அந்தப் பாட்டியைப் பற்றித்தான். விழுந்த உயரம் சிறியது என்பதால் காயமும் சிறியதாகத்தான் இருக்கும் என்று நாம் கணக்குப் போட்டுவிடுகிறோம். அறுபத்தைந்துக்கு மேல் அந்தக் கணக்கு செல்லாது.

எலும்புக்கு ஒரு கேள்வி, தண்டுவடத்துக்கு ஒரு கேள்வி

கை கால் அசைகிறதா என்று பார்ப்பது, முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டான தண்டுவடத்தைப் பரிசோதிப்பது. எலும்பு உடைந்திருக்கிறதா என்பதற்கு அதில் பதில் கிடைக்காது. கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள். முதல் எலும்பான அட்லஸ் ஒரு வளையம். இரண்டாவது எலும்பான ஆக்சிஸிலிருந்து ஓடன்டாய்ட் என்ற முளை மேல்நோக்கி நீண்டு, மோதிரத்துக்குள் விரல் போல அந்த வளையத்துக்குள் நிற்கிறது. நாம் தலையை இடமும் வலமுமாகத் திருப்பும்போது அந்தத் திருப்பத்தில் ஏறத்தாழ பாதி இந்த ஒரே மூட்டில் நடக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது வளையத்துக்குள் இருக்கும் இடம். மூன்றில் ஒரு பங்கில் முளை, ஒரு பங்கில் தண்டுவடம், மீதி ஒரு பங்கு காலி இடம் என்று ஸ்டீல் என்ற எலும்பு அறுவை மருத்துவர் 1968-இல் சொன்ன கணக்கை இன்றும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அந்தக் காலி இடம் இருப்பதால், முளை அடியோடு உடைந்து சில மில்லிமீட்டர் நகர்ந்தாலும் தண்டுவடம் நசுங்காமல் தப்பிவிடலாம். ஆள் எழுந்து நடப்பார், காபி குடிப்பார், பேரனோடு பேசுவார். எலும்பு மட்டும் உடைந்தே இருக்கும். அடுத்த முறை தடுமாறும்போதோ, யாராவது கழுத்தை நீவிவிட்டுச் 'சுளுக்கு' எடுக்கும்போதோ அது எந்தப் பக்கம் நகரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே தண்டுவடம் அடிபட்டால் கையும் காலும் மட்டும் போகாது. மூச்சை இழுக்கும் உதரவிதானத்துக்கான நரம்பு மூன்று, நான்கு, ஐந்தாம் கழுத்து நரம்புகளிலிருந்து புறப்படுகிறது. அதற்கு மேலே தண்டுவடம் முழுதாகத் துண்டித்துப்போனால் மூச்சும் போய்விடும்.

முதியவர்களுக்கு இந்த முளை ஏன் உடைகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வயதாக ஆகக் கழுத்தின் கீழ்ப்பகுதி தேய்ந்து இறுகிவிடுகிறது. அசைவெல்லாம் மேலே இருக்கும் அந்த ஒரு மூட்டில் வந்து சேர்கிறது. முளையின் அடிப்பகுதியில் எலும்பும் மெலிந்திருக்கும். முன்பக்கமாக விழுந்து நெற்றி தரையில் இடித்தால் தலை பின்னால் மடங்கும், அந்த விசை முழுதும் மெலிந்த அடிப்பகுதியில் போய் இறங்கும். எழுபது வயதைத் தாண்டியவர்களின் கழுத்து முறிவுகளில் மிக அதிகமாகக் காணப்படுவது இதுதான். பெரும்பாலும் காரணம், நின்ற உயரத்திலிருந்தோ அதற்கும் குறைவான உயரத்திலிருந்தோ விழுந்த ஒரு சாதாரண விழுகை. ஆகவே ஒரு முதியவரின் நெற்றியில் காயத்தைப் பார்த்தால் எனக்கு அது முதலில் கழுத்தைப் பற்றிய எச்சரிக்கை. தோல் காயத்துக்குத் தையல் போடுவதெல்லாம் அப்புறம்.

இரண்டு கையாலும் தூக்கிய தலை

மேலே சொன்ன பாட்டி கற்பனை அல்ல. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர் விழுந்து சில நாட்கள் ஆகியிருந்தன. வேறோர் இடத்தில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பில் ஒன்றும் இல்லை, சுளுக்குதான் என்று சொல்லி, வலி மாத்திரையும் தடவ மருந்தும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். வலி குறையவில்லை. பின்மண்டையில், காதுக்குப் பின்னால் ஏறி இழுக்கிறது என்றார். மகன் கூட வந்திருந்தார். அம்மாவைப் பற்றிய கவலையும், ஏற்கெனவே பார்த்தாகிவிட்டதே என்ற அலுப்பும் அவர் முகத்தில் சேர்ந்தே இருந்தன. நான் கேட்கும் முன்பே, "நடந்துதான் வந்தாங்க, டாக்டர். ஆட்டோவில் இருந்து இறங்கி அவங்களேதான் நடந்தாங்க" என்றார்.

கை கால் பலம் சரியாக இருந்தது. தொடுவுணர்ச்சியும் சரி. கழுத்தின் நடுக்கோட்டில் விரலால் அழுத்தியபோது மேலே ஓர் இடத்தில் மட்டும் முகம் சுளித்தார், பெரிதாகக் கத்தவில்லை. வயதானவர்கள் பலர் அப்படித்தான், வலியைக் குறைத்தே சொல்வார்கள். குறிப்பு எழுதுவதற்காக நான் ஒரு கணம் திரும்பியிருந்தேன். அதற்குள் யாரும் சொல்லாமலே அவர் படுக்கையிலிருந்து எழப் பார்த்தார். அப்போது செய்த காரியத்தை என் கண்ணால் பார்த்தேன். முதலில் இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோனார். விரல்களைக் கோத்து மண்டையின் அடியில் கொடுத்தார். தலையைக் கையாலேயே தூக்கிக்கொண்டு, உடம்பை அதன் பின்னால் மெல்ல எழுப்பினார். பழகிய ஒரு வேலையைச் செய்வதுபோல, எந்தப் பதற்றமும் இல்லாமல் அதைச் செய்தார். "அப்படியே இருங்கம்மா, அசையாதீங்க" என்று சொல்லி அவர் தலையை என் கைகளில் வாங்கிக்கொண்டேன். "எப்பலேர்ந்து இப்படி எழுந்திருக்கீங்க?" என்றேன். "விழுந்ததுலேர்ந்து இப்படித்தான் சாமி. இல்லேன்னா தலை தனியா வர்ற மாதிரி இருக்கு" என்றார்.

ஸ்கேன் கருவிகள் வருவதற்கு வெகு காலம் முன்பே மருத்துவர்கள் கவனித்துவைத்த அறிகுறி இது. ரஸ்ட் அறிகுறி என்பார்கள். மேல் கழுத்து உறுதியை இழந்தவர், படுத்து எழும்போது தலையைத் தானே கையால் தாங்கிக்கொள்வார். மகனிடம் கேட்டபோது, அம்மா அப்படி எழுவதை வீட்டில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. வலிக்காகப் பிடித்துக்கொள்கிறார் என்று நினைத்திருக்கிறார்கள். அதைத் தவறு என்று யார் சொல்ல முடியும்? அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது எங்கள் வேலை. 'நடக்கிறாரா' என்று கேட்பதற்குப் பதிலாகப் 'படுக்கையிலிருந்து எப்படி எழுந்திருக்கிறார்' என்று கேட்டால் அந்தப் பதில் எவ்வளவு சொல்லியிருக்கும் என்பதுதான் என்னை இன்றுவரை விடாமல் உறுத்துகிறது.

சி.டி.யில் பக்கவாட்டு வெட்டுப் படத்தைத் திறந்ததும் தெரிந்தது. முளையின் அடியில் குறுக்கே ஒரு மெல்லிய கருங்கோடு, அதற்கு மேலே இருந்த துண்டு கொஞ்சம் பின்னால் நகர்ந்திருந்தது. 1974-இல் ஆண்டர்சனும் டி'அலோன்ஸோவும் மூன்றாகப் பிரித்த ஓடன்டாய்ட் முறிவுகளில் இது இரண்டாம் வகை. மூன்றில் மிகச் சிரமப்பட்டுக் கூடுவதும் இதுதான். கழுத்தில் ஒரு முறிவைக் கண்டால் அதோடு நிறுத்தக் கூடாது. ஆக்சிஸ் உடைந்தால் அட்லஸின் வளையமும் கூடவே உடைவது உண்டு, முதுகெலும்பில் வேறோர் இடத்திலும் முறிவு இருக்கலாம். முள்ளெலும்பின் பக்கத் துளை வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஏறுகிறது, முறிவு அந்தத் துளையைத் தொட்டால் ரத்தக்குழாய்க்கும் தனியாக ஸ்கேன் தேவைப்படும். அவருக்கு அப்படி வேறு எதுவும் இல்லை.

நடைக்கும் விதியில் ஓர் இடம் உண்டு

'நடந்து வந்தார்' என்பதை முற்றிலும் அர்த்தமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். கழுத்துக்கு யாருக்குப் படம் எடுக்க வேண்டும் என்பதற்கு உலகெங்கும் பயன்படும் விதிகளில் ஒன்று, இயன் ஸ்டீல் (மேலே சொன்ன ஸ்டீல் வேறு) தலைமையிலான குழு 2001-இல் வெளியிட்ட கனடிய கழுத்து விதி. சுய நினைவோடு, நிலையாக இருந்த 8,924 பேரை வைத்து உருவாக்கியது. அதில் நடைக்கும் ஓர் இடம் இருக்கிறது. ஆனால் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முதல் படியில் மூன்று கேள்விகள். வயது 65 அல்லது அதற்கு மேலா? மூன்றடிக்கு மேலிருந்து அல்லது ஐந்து படிக்கட்டு உயரத்திலிருந்து விழுந்தது, தலைகுப்புற நீரில் பாய்ந்தது, அதிவேக வாகன விபத்து போன்ற ஆபத்தான முறையில் அடிபட்டாரா? கை காலில் மதமதப்பு, ஊசி குத்தும் உணர்வு இருக்கிறதா? மூன்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் படம் எடுத்தாக வேண்டும், வாதமே கிடையாது. மூன்றுக்கும் இல்லை என்றால்தான் இரண்டாம் படிக்குப் போகிறோம். அடிபட்ட பிறகு எப்போதாவது நடந்தாரா என்ற கேள்வி அங்கேதான் வருகிறது. அதற்கு ஆம் என்றாலும் வீட்டுக்கு அனுப்பச் சொல்லவில்லை. கழுத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லலாம் என்ற அனுமதி மட்டுமே கிடைக்கிறது. இடமும் வலமும் 45 டிகிரி அவராகவே திருப்ப முடிந்தால்தான் படம் வேண்டாம்.

எழுபத்தெட்டு வயதுக்காரர் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுகிறார். அவர் நடந்தாரா, ஓடினாரா என்று விதி கேட்பதே இல்லை. நாம்தான் இரண்டாம் படியில் இருக்கும் கேள்வியை முதலில் இழுத்துக்கொண்டு வந்து, அதில் கிடைத்த பதிலை வைத்து ஆறுதல் அடைகிறோம்.

இன்னொரு விதி நெக்ஸஸ். 2000-இல் 34,069 பேரைக் கொண்டு சோதித்தது. நடுக்கோட்டில் வலி இல்லை, போதை இல்லை, நினைவு தெளிவு, நரம்புக் குறைபாடு இல்லை, கவனத்தைத் திருப்பும் வேறு பெரிய காயம் இல்லை. இந்த ஐந்தும் சேர்ந்தால் படம் வேண்டாம். கழுத்தில் காயம் இருந்த 818 பேரில் 8 பேரை மட்டுமே அது தவறவிட்டது, அவர்களிலும் இருவருக்கே அது முக்கியமான காயம். அருமையான விதிதான். ஆனால் அதில் வயது இல்லை. வலியைக் குறைத்துச் சொல்லும் ஒருவரிடம், ஞாபகம் கொஞ்சம் மங்கிய ஒருவரிடம் 'வலி இல்லை' என்ற பதிலை எவ்வளவு தூரம் நம்புவது? முதியவர்களுக்கு அதை மட்டும் நம்பி நான் காலரைக் கழற்றுவதில்லை.

இந்த விதிகளை எண்ணும்போதெல்லாம் எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் எனக்கு நினைவு வரும். கி.மு. 1600 வாக்கில் எகிப்தில் படியெடுக்கப்பட்ட அறுவை மருத்துவச் சுவடி. கழுத்தில் அடிபட்டவரிடம் 'உன் தோள்களையும் மார்பையும் பார்' என்று சொல்லிப் பார்க்கச் சொல்கிறது அது. வலித்தாலும் பார்க்க முடிந்தால் ஒரு முடிவு, முடியாவிட்டால் வேறு முடிவு. கையும் காலும் உணர்விழந்து சிறுநீர் தன்னால் வழிந்தால், 'சிகிச்சை செய்ய முடியாத நோய்' என்று எழுதி முடிக்கிறது. அவரவர் கழுத்தை அவரவரே திருப்பிப் பார்க்கச் சொல்லும் பரிசோதனை அன்றும் இருந்திருக்கிறது. நாம் வேறொருவர் கழுத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பது மட்டும் கூடாது.

எக்ஸ்ரே காட்டாத இடங்கள்

அவர் கொண்டுவந்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பக்கவாட்டுப் படத்தில் ஐந்தாவது எலும்பு வரை தெரிந்தது, அதற்குக் கீழே தோளின் நிழல். ஏழாவது எலும்பும் அதற்குக் கீழே மார்பின் முதல் எலும்பும் சேரும் இடம் தெரியாத பக்கவாட்டுப் படம் முழுமையான படம் ஆகாது. அது தெரிவதற்காக எக்ஸ்ரே எடுப்பவர்கள் கையைக் கீழே இழுத்துப் பிடிக்கச் சொல்வார்கள், ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி நீச்சலடிப்பவர் நிலையில் இன்னொரு படம் எடுப்பார்கள். முளையைப் பார்க்க வாயைத் திறந்து எடுக்கும் படம் தனி. பாட்டியால் வாயை அவ்வளவு திறக்க முடியாததால் அது எடுக்கப்படவில்லை. எடுத்தாலும் மேல்பல்லும் பின்மண்டையும் முளையின்மேல் நிழலாக விழுவது சகஜம். மெலிந்த எலும்பில் மெல்லிய கோடு எங்கே கண்ணுக்குத் தெரியப்போகிறது?

2005-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, கழுத்துக் காயங்களை எக்ஸ்ரே ஏறத்தாழ 52 சதவீதமும் சி.டி. 98 சதவீதமும் கண்டுபிடித்ததாகச் சொன்னது. அதன் பிறகு வந்த வழிகாட்டுதல்கள் பெரியவர்களுக்கு சி.டி.யையே முதல் பரிசோதனை ஆக்கின. கதிர்வீச்சைப் பற்றிப் பயப்படுபவர்கள் உண்டு. குழந்தைக்கு அந்தப் பயம் நியாயம், அவர்களுக்கு ஒவ்வொரு ஸ்கேனும் யோசித்து எடுக்க வேண்டியது. எண்பதை நெருங்கும் ஒருவருக்கு அந்தக் கதிர்வீச்சால் வரும் ஆபத்தைவிட, காணாமல் விட்ட முறிவால் வரும் ஆபத்துதான் பெரிது. விழுந்த முதியவருக்குத் தலைக்கு சி.டி. எடுக்கிறோம், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் கட்டாயம் எடுக்கிறோம். அதே மேஜையில், அதே வேளையில், கழுத்தையும் சேர்த்து எடுத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சி.டி. எலும்புக்கு. டிஸ்க், தசைநார், தண்டுவடம் ஆகியவற்றுக்கு எம்.ஆர்.ஐ. முதியவர்களிடம் இன்னொரு வகைக் காயம் உண்டு, ஷ்னைடர் 1954-இல் விவரித்த மைய தண்டுவடக் காயம். ஏற்கெனவே தேய்மானத்தால் குறுகிய கழுத்துக் குழாய், விழும்போது கழுத்து பின்னால் மடங்கி, உள்ளே தண்டுவடம் நசுங்குகிறது. எலும்பு எங்கும் உடையாமலே இது நடக்கும். கால் ஓரளவு நன்றாக இருக்கும், கைதான் போகும். அப்படி நடந்துவந்த ஒரு பெரியவரால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. இரண்டு உள்ளங்கையும் எரிகிறது, தண்ணீரில் வைக்க வேண்டும்போல் இருக்கிறது என்றார். அவருடைய சி.டி.யில் முறிவு இல்லை, எம்.ஆர்.ஐ.யில்தான் தண்டுவடத்தின் வீக்கம் தெரிந்தது. அவரும் நடந்துதான் வந்தார்.

காலரும் கத்தியும்

காலரைப் பற்றி எனக்கு வலுவான அபிப்பிராயம் உண்டு. சந்தேகம் இருக்கும் கழுத்தை அசையாமல் வைக்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் காலர் மாட்டிவிட்டோம் என்பதோடு வேலை முடிந்ததாக நினைப்பதை ஏற்க முடியவில்லை. 1998-இல் ஹாஸ்வால்டும் உடனிருந்தவர்களும் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். வழியில் அசையாமல் கட்டப்படாமலேயே மருத்துவமனைக்கு வந்த மலேசிய நோயாளிகளையும், கட்டப்பட்டு வந்த நியூ மெக்ஸிகோ நோயாளிகளையும் ஒப்பிட்டதில், மலேசியாவில் நரம்புக் குறைபாடு குறைவாகவே இருந்தது. இரண்டு ஊரும் வேறு, விபத்தின் தன்மையும் வேறு, அதனால் இதை வைத்துக் கட்டவே வேண்டாம் என்று முடிவுகட்ட முடியாது. காலர் தானாகவே காப்பாற்றுகிறது என்ற நம்பிக்கையை மட்டும் அது அசைத்துவிட்டது. இறுக்கமான காலர் தலைக்குள் அழுத்தத்தைக் கூட்டும், விழுங்குவதைக் கடினமாக்கும், தாடையிலும் பின்மண்டையிலும் அழுத்தப்புண் உண்டாக்கும். கூன் விழுந்த முதியவரையோ, ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸால் முதுகெலும்பு முழுதும் ஒன்றாக இறுகிவிட்ட ஒருவரையோ மல்லாக்கப் படுக்கவைத்துத் தலையை அழுத்தி நேராக்கக் கூடாது, அப்படிச் செய்தால் நாமே தண்டுவடத்தை உடைத்தவர்கள் ஆவோம். வழக்கமாக அவர் தலை எந்தக் கோணத்தில் இருக்குமோ, அதே கோணத்தில் தலையணையோ துணிச்சுருளோ வைத்துத் தாங்க வேண்டும். வீட்டாரிடம் அதைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

தண்டுவடம் அடிபட்டுக் கை கால் விழுந்தவருக்கு நேரம்தான் எல்லாம். ரத்த அழுத்தம் இறங்கி, இதயத் துடிப்பும் கூடவே குறைந்தால் அது நரம்பு வழி அதிர்ச்சி (ஷாக்), ரத்தம் போனதால் வரும் ஷாக்கில் துடிப்பு ஏறும். தண்டுவடத்துக்கு ரத்தம் போய்க்கொண்டே இருக்கச் சராசரி ரத்த அழுத்தத்தை 85 முதல் 90 வரை ஏழு நாட்கள் காக்க வேண்டும் என்று 2013 அமெரிக்க நரம்பியல் அறுவை வழிகாட்டுதல் சொன்னது. ஃபெலிங்ஸ் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வில், தண்டுவடத்தின்மேல் இருக்கும் அழுத்தத்தை நீக்கும் அறுவையை 24 மணி நேரத்துக்குள் செய்துகொண்டவர்களில், நரம்புச் செயல்பாடு இரண்டு படியாவது முன்னேறியவர்கள் கூடுதலாக இருந்தார்கள். மூட்டு விலகிப் பூட்டிக்கொண்டிருந்தால் தலையில் கிடுக்கி பொருத்தி, எடையைப் படிப்படியாக ஏற்றி, நோயாளி விழித்திருக்கையிலேயே கை கால் அசைவைக் கேட்டுக்கேட்டு இழுத்துச் சேர்ப்பதும் உண்டு. 'அந்த ஸ்டீராய்டு ஊசி போடலையா' என்று இன்னும் கேட்கிறார்கள். 1990-இல் வெளியான ஓர் ஆய்வுக்குப் பிறகு அது பரவலாகப் போடப்பட்டது. பலன் தெளிவாக நிற்கவில்லை, தொற்றும் குடல் ரத்தக்கசிவும் கூடின. மேலே சொன்ன 2013 வழிகாட்டுதல் போட வேண்டாம் என்றே சொல்லிவிட்டது.

பாட்டிக்கு என்ன செய்வது என்பதுதான் மிகச் சிக்கலாக இருந்தது. இரண்டாம் வகை முறிவுக்கு, அதுவும் இந்த வயதில், எந்த வழியும் சுலபம் இல்லை. பின்பக்கமாகத் திறந்து முதல் இரண்டு எலும்புகளையும் ஸ்க்ரூவால் பூட்டினால் உறுதி கிடைக்கும், ஆனால் கழுத்தின் திருப்பத்தில் பாதி நிரந்தரமாகப் போகும், அதோடு இந்த வயதில் மயக்க மருந்தும் பெரிய அறுவையும். முன்பக்கமாக முளைக்குள் ஒரே ஸ்க்ரூ ஏற்றினால் திருப்பம் தப்பும், ஆனால் மெலிந்த எலும்பில் ஸ்க்ரூ பிடிக்காது, விழுங்குவதும் பாதிக்கப்படலாம். மண்டையோட்டில் முள் இறக்கி வளையம் மாட்டும் ஹேலோ இளையவர்களுக்குச் சரி, முதியவர்களுக்கு நிமோனியாவும் அதனால் சாவும் வருகின்றன என்பதால் பெரும்பாலும் தவிர்க்கிறோம். மீதி இருப்பது காலர். காலரில் எலும்பு கூடாமல் போவதற்கு நிறைய வாய்ப்பு உண்டு. ஆனால் எலும்பு கூடுவதும் அந்த மனிதர் நன்றாக வாழ்வதும் ஒன்றாகவே போவதில்லை. நடுவில் நார்த்திசு வளர்ந்து உறுதியாகப் பிடித்துக்கொண்டு, எலும்பு சேராமலே வலியின்றி வருடக்கணக்கில் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். அறுவை சிகிச்சை வேண்டுமா, காலர் போதுமா என்பதில் ஆய்வுகள் இன்னும் ஒரே பக்கம் சாயவில்லை.

அறுவை மருத்துவர் இதையெல்லாம் மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது பாட்டியே குறுக்கிட்டார். "பூட்டிட்டா திரும்பிப் பாக்க முடியாதா?" முடியும், ஆனால் உடம்போடு சேர்த்துத் திரும்ப வேண்டியிருக்கும் என்றார் மருத்துவர். "இதயத்துக்கும் மாத்திரை சாப்பிடறேனே, மயக்க ஊசி தாங்குமா?" அவர் கேட்டதெல்லாம் நேரடியான, சரியான கேள்விகள். அவர் வாயிலிருந்து அவை வரட்டும் என்று காத்திருந்த அந்த மருத்துவர்மேல் எனக்கு மதிப்பு கூடியது. துண்டு அதிகம் நகரவில்லை, நரம்புக் குறைபாடு இல்லை, இதயம் பலவீனம். மூவரும் சேர்ந்து காலர் என்று முடிவு செய்தார்கள். பன்னிரண்டு வாரம், நடுவில் எக்ஸ்ரேக்கள், கடைசியில் மீண்டும் சி.டி. அதோடு, அவராகவே கழுத்தைக் குனிந்து நிமிர்ந்து காட்டும் படம். துண்டு நகர்ந்தாலோ கையில் மதமதப்பு வந்தாலோ அறுவை. காலருக்கு அடியில் தோலை தினமும் பார்ப்பது எப்படி, படுத்தபடியே ஒருவர் தலையைப் பிடிக்க இன்னொருவர் பட்டையைக் கழற்றித் துடைப்பது எப்படி என்று நர்ஸ் மகனுக்கும் மருமகளுக்கும் செய்துகாட்டினார். நிமிர்ந்து உட்கார்ந்து சிறு சிறு வாயாகச் சாப்பிட வேண்டும், இருமல் வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்பதையும் எழுதிக்கொடுத்தோம்.

வார்டுக்கு அனுப்பும் முன் இன்னொன்று பாக்கி இருந்தது. ஏன் விழுந்தார்? ராத்திரி சிறுநீர் கழிக்க எழுந்ததும் கண் இருட்டியது என்றார். மாத்திரைச் சீட்டை வாங்கிப் பார்த்தால், சிறுநீர் பிரிக்கும் மாத்திரை இரவு உணவுக்குப் பிறகு என்று இருந்தது, ரத்த அழுத்த மாத்திரை இரண்டு, அதன்மேல் தூக்க மாத்திரை. நிற்கவைத்துப் பார்க்க முடியாததால் படுக்கையின் தலைப்பக்கத்தை மட்டும் உயர்த்தி அளந்தோம், அதற்கே ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கியது. சிறுநீர் மாத்திரையைக் காலைக்கு மாற்றினோம். தூக்க மாத்திரையை மெல்லக் குறைத்து நிறுத்தவும், எலும்பின் அடர்த்தியைப் பார்த்து அதற்குச் சிகிச்சை தொடங்கவும் வார்டு மருத்துவரிடம் சொன்னோம். கேஸ் ஷீட்டில் ஓடன்டாய்ட் முறிவு என்று எழுதிய வரிக்குக் கீழேயே, விழுந்ததற்கான காரணத்தையும் அதே பெரிய எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.